எல்லாம் இணையத்தில் இருக்கும்போது பல்கலைக்கழகத்துக்கு நூலகம் எதற்கு?

நூலக அறிவியல் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடநூல், ஆய்விதழ், ஆய்வேடு எல்லாமே கைப்பேசிக்கு வந்துவிட்டன, போதாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவு வேறு. இனி கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? இந்தப் படிப்பை நம்பி இறங்கலாமா?

நான் கல்வி நூலகங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். நூல் விவரங்களை எழுதிவைத்த பட்டியல் அட்டைகளின் பெட்டிகளை ஏறக்கட்டியபோதும் இருந்தேன். மின்னிதழ் ஒப்பந்தங்களைப் படித்துத் தலைவலி வாங்கிக்கொண்டபோதும் இருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில், 'இணையத்தில் கிடைக்கிறது' என்கிறீர்களே, அதை எடுத்துக்கொள்வோம். வளாகத்தில் உட்கார்ந்து கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையைத் தேடுகிறீர்கள். தலைப்பைச் சொடுக்கினால் இரண்டு நொடியில் பிடிஎஃப் திறந்துகொள்கிறது. அந்த இரண்டு நொடிக்குள் என்ன நடந்தது? உங்கள் கணினியின் ஐபி முகவரி (இணையத்தில் அதன் அடையாள எண்) பல்கலைக்கழகத்துக்குரியதா என்று பதிப்பகத்தின் சர்வர் பார்த்தது. அந்த முகவரிகளை அவர்களிடம் கொடுத்து வைத்திருப்பது நூலகம். அந்த இதழில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நமக்கு உரிமை உண்டு என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பதிப்பகம் கைமாறினாலும் இதழ் பெயர் மாறினாலும் அதைத் திருத்திக்கொண்டே இருப்பதும் நூலகம்தான். சந்தா கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே இணைப்பை வெளியே போய், பல்கலைக்கழகக் கணக்கில் நுழையாமல் சொடுக்கிப் பாருங்கள். கட்டுரைச் சுருக்கத்துக்குக் கீழே 'வாங்குக' என்று ஒரு பொத்தான் நிற்கும்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என்னிடம், "மூன்று வருடமாக நூலகப் பக்கமே வந்ததில்லை சார்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பிறகு அவருடைய ஆய்வேடு எங்களிடம் வந்தது. மேற்கோள் பட்டியலைப் புரட்டினேன். பாதிக்கு மேல் நாங்கள் பணம் கட்டி வரவழைக்கும் இதழ்கள். தினமும் நூலகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்; அவருக்குத்தான் தெரியவில்லை. கோபம் வரவில்லை, ஆனால் அடுத்த நிதிக்குழுக் கூட்டத்தில் "இப்போது யார் நூலகத்துக்கு வருகிறார்கள்?" என்று யாராவது கேட்பார்களே என்ற கவலை வந்தது. கேட்கவும் செய்தார்கள்.

இயந்திரம் நூலகத்துக்குள் நுழைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901 முதல் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்றுவந்தது. 1960களில் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஹென்ரியட் அவ்ராம் என்ற கணினி நிரலாளர், அட்டையில் இருப்பதை இயந்திரம் படிக்கும்படி மாற்ற ஒரு வடிவத்தை உருவாக்கினார். 'மார்க்' என்று பெயர். அவர் நூலகப் படிப்பு படித்தவர் அல்லர். ஆனால் இந்த வடிவத்தில் நூல் விவரம் எழுதும் எந்த ஊர்ப் பட்டியலாக்கரைக் கேட்டாலும் 245 என்றால் தலைப்பு, 100 என்றால் ஆசிரியர் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அவர் வைத்த எண்கள் அவை. 1967இல் ஒஹாயோ மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து ஓசிஎல்சி என்ற அமைப்பைத் தொடங்கின. 1971இல் அதன் கூட்டுப் பட்டியல் இணைப்புக்கு வந்தது. ஒரு நூலுக்கு ஒரு நூலகம் விவரம் எழுதிவிட்டால் மற்றவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். அதே ஓசிஎல்சி தன் கடைசி அட்டைகளை 2015 அக்டோபரில் அச்சிட்டு முடித்தது.

இதில் ஆள் குறைந்தது உண்மை, மழுப்ப விரும்பவில்லை. அட்டை அடுக்குபவர், வந்த இதழைப் பதிவேட்டில் ஏற்றுபவர், ஆண்டுக்கொரு முறை இதழ்களைத் தொகுத்து பைண்டிங்குக்கு அனுப்புபவர் என்று ஒரு கூட்டமே இருந்தது. அந்த மேசைகள் காலியாகிவிட்டன. அங்கே இருந்தவர்களில் சிலர் கணினிக்குப் பழகிக்கொண்டார்கள், சிலர் ஓய்வு வரை வேறு பிரிவில் காலத்தை ஓட்டினார்கள். அந்த வேலைக்காகப் படிக்க வருவதாக இருந்தால் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் தொழில்நுட்பம் செய்த பெரிய மாற்றம் வேறு. நூலகம் சொத்துக்காரனாக இருந்தது. இப்போது பெரும்பாலும் வாடகைக்காரன்.

அச்சு இதழுக்குச் சந்தா கட்டினால் இதழ் நம்முடையது. அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்களை யாரும் வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. வேறு நூலகத்துக்கு இரவல் கொடுக்கலாம், நூறு ஆண்டு வைத்திருக்கலாம். மின்னிதழில் நாம் வாங்குவது உரிமம் மட்டும். பணம் நின்றால் கதவு சாத்தப்படும். பழைய ஆண்டுகளாவது திறந்திருக்குமா என்பது ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது. வெளியார் நூலகத்துக்கு வந்து படிக்கலாமா, ஒரு கட்டுரையை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா, பத்தாயிரம் கட்டுரைகளைக் கணினியில் ஏற்றி ஒரே நேரத்தில் அலசலாமா, எல்லாமே ஒப்பந்த வாக்கியங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இந்தக் கட்டுரைகளை ஏற்றலாமா கூடாதா என்று புதிதாக ஒரு பத்தியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நூலகர் இன்று படிக்கும் நூல்களில் மிகவும் கடினமானது உரிம ஒப்பந்தம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த மாற்றம் நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. வில்லியம் போவன் என்பவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து, பிறகு மெல்லன் அறக்கட்டளைக்குத் தலைமை ஏற்றவர். டெனிசன் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார். அங்கே நூலகத்தில் இடம் போதவில்லை, கட்டடத்தைப் பெரிதாக்கப் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். அலமாரிகளை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பங்கு பழைய ஆய்விதழ்கள். எல்லா நூலகங்களும் ஒரே இதழை அடுக்கி வைப்பதற்குப் பதிலாக ஒருமுறை வருடி (ஸ்கேன் செய்து) பொதுவில் வைத்தால் என்ன என்ற யோசனையிலிருந்து 1995இல் ஜேஸ்டோர் பிறந்தது. வரலாறு, பொருளாதாரத் துறைகளில் பத்து இதழ்களுடன் தொடங்கினார்கள்.

பெரிய வணிகப் பதிப்பகங்கள் வேறு கணக்குப் போட்டன. 1990களின் பிற்பகுதியில் 'மொத்தக் கொள்முதல்' முறை வந்தது. உங்களுக்கு நூறு இதழ்தான் தேவையா? கொஞ்சம் கூடப் போடுங்கள், ஆயிரத்தையும் தருகிறோம் என்றார்கள். நாங்களும் மகிழ்ந்தோம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டுதோறும் விலை ஏறியது, மூட்டையிலிருந்து ஓர் இதழைக்கூடத் தனியாகப் பிரித்து விலக்க முடியவில்லை. மூட்டைக்குக் கொடுத்த பணம் போக நூல் வாங்கக் கையில் எதுவும் இல்லை. நூல்களையே பெரிதும் நம்பியிருக்கும் இலக்கியம், வரலாறு போன்ற துறைக்காரர்கள் எங்களைத் திட்டியது நியாயம்தான்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. பத்து வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்துடன் பேச்சை முறித்துக்கொண்டு சந்தாவைக் கைவிட்டது. அமெரிக்க ஆய்வுக் கட்டுரைகளில் பத்தில் ஒன்று அங்கிருந்து வருகிறது என்றால் அந்த முடிவின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு ஆண்டு கழித்து, 2021 மார்ச்சில், தங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்ற ஏற்பாட்டுடன் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜெர்மனியில் பல நிறுவனங்கள் 2018 முதல் எல்சவியர் இதழ்கள் இல்லாமலே காலம் தள்ளி, 2023இல்தான் நாடு தழுவிய உடன்பாட்டுக்கு வந்தன. மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியவர்களில் நூலகர்கள் முக்கியமானவர்கள். எந்த இதழை எத்தனை முறை திறந்தார்கள், ஒரு திறப்புக்கு என்ன செலவு விழுகிறது, எத்தனை கட்டுரைகள் வேறு வழியில் இலவசமாகவே கிடைக்கின்றன என்ற கணக்கு கையில் இல்லாமல் அப்படி எழுந்து வர முடியாது.

கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற இயக்கம் 2002இன் புடாபெஸ்ட் அறிக்கையில் உருப்பெற்றது. இயற்பியலாளர்கள் அதற்கும் முன்பே, 1991இல், பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் களஞ்சியத்தில் தங்கள் கட்டுரைகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். படிப்பவர் பணம் கொடுக்க வேண்டாம் என்றால் யாராவது கொடுக்கத்தானே வேண்டும்? பல இதழ்கள் எழுதுபவரிடம் வசூலிக்கத் தொடங்கின. இது எனக்கு உடன்பாடில்லாத இடம். பணக்காரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளருக்கு அது ஒரு கையெழுத்து. மற்றவருக்கு எழுதி முடித்த கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நிலை. வாசற்படி வாசகனிடமிருந்து ஆசிரியனிடம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வசூலைப் பார்த்து முளைத்த போலி இதழ்கள் வேறு. ஜெஃப்ரி பீல் என்ற நூலகர்தான் அவற்றுக்கு 'வேட்டை இதழ்கள்' என்ற பொருளில் பெயர் சூட்டிப் பட்டியலும் வெளியிட்டார். அந்தப் பட்டியல் 2017இல் நின்றுபோனது, "இந்த இதழில் போடலாமா சார்?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்பது நிற்கவில்லை.

வாடகைக்காரனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீட்டுக்காரன் காணாமல் போனால்? தாள் அப்படியே கிடக்கும். ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் வீட்டில் இருக்கும். மின்கோப்பை யாராவது விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சுக் காலத்தில் பத்து நூலகங்களில் பத்துப் படிகள் தானாகவே இருந்தன; ஒன்றைக் கரையான் தின்றாலும் ஒன்பது மிஞ்சும். ஸ்டான்ஃபோர்ட் நூலகத்தில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம் அந்தப் பழைய பழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. பல நூலகங்களில் படிகள் இருக்கும். அவை தமக்குள் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று கெட்டிருந்தால் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளும். ஆனால் எல்லாம் இப்படிக் காக்கப்படுகிறதா? மார்ட்டின் ஈவ் என்ற ஆய்வாளர் டிஓஐ எண் (ஒவ்வொரு படைப்புக்கும் தரப்படும் நிலையான அடையாள எண்) பெற்ற எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ 20 லட்சம் எந்தக் காப்பகத்திலும் முறையாகச் சேமிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. பெரிய பதிப்பகங்கள் தங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு துறை, ஒரு சங்கம், இரண்டு பேராசிரியர்கள் நடத்தும் சின்ன இதழ்கள்தான் சர்வர் கட்டணம் கட்ட மறந்த மாதத்தில் மறைந்துபோகின்றன. அந்த மாதிரி இதழ்களைத் தேடிப் பிடித்துச் சேமிப்பது யாருடைய வேலை என்று கேட்டால், நூலகத்தைத் தவிர வேறு யாரும் கை தூக்குவதில்லை.

இணைப்பு முகவரிகளும் அப்படித்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட இணைப்புகளில் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்குப் போகவில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். சட்ட இதழ்களில் நிலைமை இன்னும் மோசம், நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். ஹார்வர்டு சட்ட நூலகம் அதற்காகவே, மேற்கோள் காட்டும்போதே அந்தப் பக்கத்தின் படியைச் சேமித்து நிலையான முகவரி கொடுக்கும் பெர்மா என்ற சேவையைத் தொடங்கியது.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு நடந்ததைப் பல பல்கலைக்கழக நிர்வாகிகள் இன்னும் சரியாக உள்வாங்கவில்லை. இணையக் கொள்ளையர்கள் புகுந்து கணினி அமைப்புகளை முடக்கிப் பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை. நூல்களின் முதன்மைப் பட்டியல் மீண்டும் இணையத்தில் தெரிய 2024 ஜனவரி ஆயிற்று. நூல்கள் கிடங்கில் பத்திரமாக இருந்தன, எந்த நூல் எங்கே என்று சொல்லும் ஏடுதான் பறிபோனது. இத்தனை பெரிய நூலகம் வாரக்கணக்கில் தடுமாறியது அதனால்தான்.

தொழில்நுட்பம் செய்த நல்லதையும் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். கூகுள் 2004இல் தொடங்கிய வருடல் திட்டத்தில் பல பல்கலைக்கழகங்கள் நூல்களைக் கொடுத்தன. அப்படி வருடிய கோப்புகளைத் தாங்களே காக்க அவை 2008இல் ஹாத்தி டிரஸ்ட்டை அமைத்தன. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அதன் மீது வழக்குப் போட்டது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நூலுக்குள் சொல் தேட வசதி செய்வதும் பார்வைத் திறன் குறைந்தவர்கள் படிக்கும்படி கொடுப்பதும் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு முன்பெல்லாம் ஒரு நூலைப் படிக்க வேண்டுமானால் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். பருவத் தேர்வு முடிந்த பிறகு ஒலிநாடா வந்து சேர்ந்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். இப்போது திரைவாசிப்பான் போட்டு மற்றவர்களோடு சேர்ந்து அதே வாரத்தில் படித்துவிடுகிறார்.

இனிச் செயற்கை நுண்ணறிவு. ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஐந்து கட்டுரைகளின் பட்டியலுடன் வந்தார். நான்கு கிடைத்துவிட்டன, ஐந்தாவதை மட்டும் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். இதழ் உண்மையானது. ஆசிரியரும் உண்மையானவர், அந்தத் துறையில் பெயர் பெற்றவர். தலைப்பு அவர் எழுதக்கூடியதுதான். ஆனால் தொகுதி 38, ஆண்டு 2009 என்று இருந்தது. அந்த இதழ் 1985இல் தொடங்கியது, ஆண்டுக்கொரு தொகுதி. 2009 என்றால் தொகுதி 25 ஆக வேண்டும், 38 வர 2022 ஆகும். இரண்டு தொகுதிகளையும் திறந்து பார்த்தோம். ஒன்றில் அந்தப் பக்க எண்கள் நூல் மதிப்புரைகளுக்கு நடுவில் விழுந்தன. மற்றதில் வேறொருவர் கட்டுரை. டிஓஐ எண்ணைப் போட்டால் வேதியியல் கட்டுரை ஒன்று திறந்தது. ஆசிரியரின் சொந்தப் படைப்புப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. "இந்தப் பட்டியலை எங்கிருந்து எடுத்தீர்கள் அம்மா?" என்று கேட்டபோது, கொஞ்சம் தயங்கி, உரையாடும் செயலி ஒன்று கொடுத்ததாகச் சொன்னார்.

இருக்கும் கட்டுரையைத் தேடித் தர ஐந்து நிமிடம் போதும்; இல்லாததை இல்லை என்று உறுதியாகச் சொல்லத்தான் நாற்பது நிமிடம் தேவைப்படுகிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த கட்டம் இன்னும் மோசம். யாராவது அந்த மேற்கோளைச் சரிபார்க்காமல் தன் கட்டுரையில் போட்டுவிடுவார். கூகுள் ஸ்காலர் அதைப் பார்த்து, முழுக் கட்டுரை இல்லாத வெறும் மேற்கோளாகப் பட்டியலிட்டுவிடும். அடுத்தவர் தேடும்போது 'இருக்கிறதே' என்று தோன்றும். பிறக்காத குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி.

இந்தக் கருவிகளே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. நல்ல தரவுத்தளத்தின் மேல் அமர்ந்து, உண்மையான கட்டுரைகளிலிருந்து மட்டும் எடுத்துச் சுருக்கித் தரும் கருவிகள் வந்திருக்கின்றன. தெரியாத துறைக்குள் முதலடி வைக்க உதவுகின்றன. ஆனால் மருத்துவத்தில் ஒரு சிகிச்சை பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி முறைப்படி மதிப்பிடும் வேலைக்கு அவை இன்னும் போதாது. அங்கே என்ன சொற்களைப் போட்டு, எந்தத் தளத்தில், எந்த நாளில் தேடினோம் என்று எழுதிவைக்க வேண்டும். இன்னொருவர் அதையே செய்தால் அதே விடை வர வேண்டும். உரையாடும் செயலியிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன், நான்காவதாக 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்றார். நாங்கள் அதை வேதவாக்காகப் படித்தவர்கள். இப்போது சில சமயம் வாசகரைப் பிடித்து உட்காரவைத்து அவருடைய நேரத்தைக் கொஞ்சம் செலவழிக்கவேண்டியிருக்கிறது.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. யார் என்ன படிக்கிறார் என்பதை வெளியே சொல்லாதது இந்தத் தொழிலின் பழைய மரியாதை. நூல் திரும்பி வந்ததும் வாசகருக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பைக் கணினியிலிருந்து அழித்துவிடும் நூலகங்கள் பல. மின்னூல் தளங்களில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதுவரை வேறொருவர் சர்வரில் பதிவாக வழி இருக்கிறது. ஒப்பந்தம் பேசும்போது விலைக்கு அடுத்தபடி நான் கேட்கும் கேள்வி இதுதான். அதற்குத்தான் விற்பனைப் பிரதிநிதிகள் "கேட்டுச் சொல்கிறோம்" என்பார்கள்.

சரி, படிக்கலாமா? படிக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. தரவுத்தள மொழி ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். கோஹா (நூலக நிர்வாகத்துக்கு), டிஸ்பேஸ் (ஆய்வேடு, கட்டுரைகளைச் சேமிக்கும் களஞ்சியத்துக்கு) இரண்டும் திறமூல மென்பொருள்கள். வீட்டுக் கணினியிலேயே நிறுவி உடைத்துப் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டமும் ஓரளவு புள்ளியியலும் தெரிந்திருந்தால் கூட்டத்தில் உங்களை ஓரத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். ஆய்வுத் தரவு மேலாண்மை வேகமாக வளரும் பிரிவு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜனவரி முதல் நிதி கேட்பவர்களில் அறிவியல் தரவு உருவாக்கும் ஆய்வு செய்பவர்களிடம் அந்தத் தரவை எப்படிக் காத்துப் பகிர்வீர்கள் என்று திட்டம் கேட்கிறது. அந்தத் திட்டத்தை எழுதத் தெரியாமல் ஆய்வாளர்கள் நூலகத்துக்குத்தான் வருகிறார்கள்.

பட்டியலாக்கப் பாடத்தை மட்டும் பழைய சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011இல் திறந்த மன்சுவேட்டோ நூலகத்தில் மேலே கண்ணாடிக் கூரையின் கீழ் வாசிப்பறை. நிலத்துக்கடியில் 35 லட்சம் நூல்களுக்கு இடம். எந்திரக் கைகள் சில நிமிடங்களில் எடுத்துத் தருகின்றன. அங்கே நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை, அளவு பார்த்துப் பெட்டிகளில் போடப்படுகின்றன. அலமாரி ஓரமாக நடந்து தற்செயலாகக் கண்டெடுக்கும் வாய்ப்பே கிடையாது. பட்டியலில் பிழை இருந்தால் நூல் இல்லாததற்குச் சமம்.

நான் இருந்த ஒரு நூலகத்தில் இரண்டு நூல்களின் பார்கோடு மாற்றி ஒட்டப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் இருப்பெடுப்போம், கருவியைக் காட்டினால் இரண்டும் 'உண்டு' என்று பீப் அடிக்கும். வாசகர்கள் ஒன்றைக் கேட்டு மற்றதைப் பெற்று, முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பல ஆண்டு கழித்து, பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டு நூலைத் திறந்து தலைப்புப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.